லோங்கேய் கோயிலுக்கு வெளியே

"…அதுதான் கேக்கிறன், பெத்தவளை வெளியால விட்டிட்டு உள்ளுக்க வைச்சுப் பிள்ளைக்குக் கலியாணம் கட்டிக் குடுக்கிற கோயில் உலகத்தில வேற எங்கயும் இருக்கோ? நான் இறங்கமாட்டன். உனக்கு வேணுமெண்டா நீ இறங்கு."

அக்கா இதைச் சொன்னது என்னுடைய காரின் முன் சீட்டில் இருந்துகொண்டு. கார் நின்றது லோங்கேயில், அமெரிக்காவில் தொடங்கிய மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரரின் கோயிலுக்குப் பக்கத்தில். கனடாவின் மொன்றியல் நகரில் இருந்து பாலத்தால் ஆற்றைக் கடந்தால் அந்தக் கரை. ஐப்பசி மாதத்துக் காலை, நல்ல வெயில், ஆனால் சூடில்லாத வெயில். அக்கா பட்டுச் சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டிருந்தார். கையில் செபமாலை. காலில் கலியாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. எல்லாம் ஆயத்தம், ஆள் மட்டும் ஆயத்தமில்லை.

உள்ளே நடந்துகொண்டிருந்தது அவருடைய ஒரேயொரு மகளின் கலியாணம். எனக்கு மருமகள். மாப்பிள்ளை, கல்லூரியில் பழகிய ஒரு கியூபெக் பெடியன். அவன் மோர்மன். இவளும் படித்து, யோசித்து, தாயோடு சண்டை பிடித்து, அந்தச் சபையில் சேர்ந்துவிட்டாள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை செபம் செய்கிற மண்டபத்துக்கு யாரும் போகலாம். கோயில் அப்படியில்லை. சபையில் சேர்ந்து, ஒழுங்காக நடக்கிறார் என்று பெரியவர்கள் அனுமதி கொடுத்தவர்தான் அந்தக் கதவைத் தாண்டலாம். தாயா மாமனா என்று அங்கே விசாரணை இல்லை.

எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முன்னமே நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. அதற்கு எல்லோரும் போனோம், கைதட்டினோம், கேக் சாப்பிட்டோம். அன்றைக்கு அக்கா சிரித்துக்கொண்டுதான் நின்றார். வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போது சொன்னார்: "எழுத்து அரசாங்கத்துக்கு. கலியாணம் ஆண்டவருக்கு." அதாவது நடந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நான் டோர்வலில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றி இறக்குகிற ஆள். பெட்டியைவிடச் சனத்தின் வாய்ச்சொல்லைத்தான் கூடுதலாக ஏற்றிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். அதில் பாதி அக்காவுடையது. ஆனால் அவருடைய சொல் கேட்க நல்லாயிருப்பது அடுத்தவனுக்குச் சொல்லும்போதுதான்.

முதல்நாள் மாலை மருமகள் ஃபோன் எடுத்தாள். "மாமா, கதவு திறந்து நான் வெளியால வரேக்க அம்மா முன்னுக்கு நிக்கோணும். நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. அம்மா நிக்காட்டி…" என்றவள் அதோடு நிறுத்திவிட்டாள். மூன்று பாஷையில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை. ஒரு வசனத்தை அவள் பாதியில் விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அது என்ர பொறுப்பு" என்றேன். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்பது இதுதான்.

இப்போது கோயில் வாசலில் சனம் சேரத் தொடங்கியிருந்தது. பூச்செண்டோடு இரண்டு மூன்று பேர். கமராவோடு ஒருவர், கதவைப் பார்த்தபடி. சடங்கு நீளமானதில்லை என்று மருமகள் சொல்லியிருந்தாள். எந்த நேரமும் கதவு திறக்கலாம்.

"அக்கா, கொஞ்சம் வெளியால காத்து வாங்குவமே."

"காத்து காருக்குள்ளயும் இருக்கு."

அக்கா அந்தக் கோயிலுக்கு வந்தது அது முதல் தரமில்லை. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அந்தக் கோயில் கட்டி முடிந்தது இரண்டாயிரமாம் ஆண்டு. அவர்கள் ஒரு கோயிலை மந்திரித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால் அதன் பிறகு வெளியாட்கள் உள்ளே போக முடியாது. ஆனால் அதற்கு முன் சில நாட்கள் கதவைத் திறந்து, வாற போற எல்லோருக்கும் காட்டுவார்கள். என்னோடு பெட்டி தூக்கிய ஒரு ஹெயிட்டிக்காரர்தான் இதைச் சொன்னார். "போய்ப் பார். பூட்டினால் பூட்டினதுதான்." வேடிக்கை பார்க்க எனக்குக் காரணம் வேண்டுமா? அக்காவையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு மஞ்சள் பாதை மெற்றோ ரயிலில் போய், பிறகு பஸ் பிடித்துப் போனேன். மருமகள் அப்போது சின்னவள். இரட்டைப் பின்னல். அக்காவின் பழைய நீல ஸ்வெட்டரைக் கை மடித்துப் போட்டிருந்தாள்.

கோயில் நான் நினைத்ததைவிடச் சின்னது. சாம்பல் வெள்ளைக் கல். ஒரேயொரு கூர்க் கோபுரம். உச்சியில் பொன்னாலான ஒரு தேவதூதன் எக்காளம் ஊதிக்கொண்டு நின்றான். அக்கா கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"சம்மனசு நிக்குது. சிலுவை எங்க?"

வழிகாட்ட நின்ற அம்மாவிடம் கேட்டேன். தாங்கள் சிலுவை வைப்பதில்லை, உயிரோடு எழுந்தவரைத்தான் நினைப்பது என்று பணிவாகச் சொன்னார். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"சிலுவை இல்லாத கோயிலுக்க எனக்கென்ன அலுவல்? தலையில்லாத ஆளிட்டத் தலையிடி சுகமோ எண்டு கேக்கிற மாதிரி" என்று புல்தரையில் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான் உள்ளே போனோம்.

வாசலில் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். நாங்கள் மன்னார்ச் சனம். எங்கள் ஊர்க் கோயிலுக்குள் செருப்போடு யாரும் கால் வைப்பதில்லை. மொன்றியலுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் அக்கா பங்குக் கோயிலில் வெறுங்காலோடு பூசை கண்டு, காய்ச்சல் வந்து படுத்தார். அதோடு அந்தப் பழக்கம் போயிற்று. ஆனாலும் வாய் போகவில்லை. "இஞ்ச சனம் பூசைக்கு வருகினமோ பனி வழிக்க வருகினமோ தெரியேல்லை" என்று ஒவ்வொரு ஞாயிறும் சப்பாத்துகளைப் பார்த்துச் சொல்லுவார். இந்தப் புதுக் கோயிலின் வாசலில் எல்லோரும் குனிந்து காலடியில் ஏதோ செய்வதைக் கண்டதும் நான் சந்தோஷமாகச் சப்பாத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தேன். மருமகளுக்கும் கழற்றிவிட்டேன். பார்த்தால், அவர்கள் கழற்றவில்லை. கம்பளம் அழுக்காகாமல் சப்பாத்துக்கு மேல் ஒரு வெள்ளை உறை போடுகிறார்கள். உறை போட்டுவிடுகிற கிழவர் எங்களைக் கண்டு திகைத்துப்போனார். பிறகு காலுறைக்கு மேலேயே வெள்ளை உறையை மாட்டி, சப்பாத்துகளை ஒரு பையில் போட்டுத் தந்து, "மெர்சி, மெர்சி" என்றார். எதற்கு நன்றி சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவருடைய கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

உள்ளே வழிகாட்டி தங்கள் முன்னோர் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் ஊர் ஊராக அடித்துத் துரத்தப்பட்ட சனம். ஓரிடத்தில் கோயில் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் கட்டி முடித்தார்களாம். கொஞ்சக் காலம் கும்பிட்டுவிட்டு, விட்டுவிட்டு, மாட்டு வண்டிகளில் வனாந்தரம் கடந்து போனார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதர்கள் மேல் ஓர் இது வந்தது. விட்டுப்போகிற வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வெளிக்கிட்டவர்களை எனக்குத் தெரியும். கியூபெக்கில் இருந்த சபைக்காரர் முந்திக் கோயில் கலியாணத்துக்கு ரொறன்ரோப் பக்கம் போகவேண்டும், அதற்கும் முந்தி அமெரிக்கத் தலைநகருக்கே போகவேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். அதனால்தான் இந்தச் சின்னக் கோயில் அவர்களுக்குப் பெரிய கோயில்.

ஞானஸ்நானத் தொட்டியைப் பன்னிரண்டு எருதுச் சிலைகள் முதுகில் தாங்கி நின்றன. "மாமா, மாடுகள்!" என்று மருமகள் சத்தம் போட்டாள். பிறகு கலியாண அறை. நடுவில் மெத்தை வைத்த ஒரு பீடம். இரண்டு பக்கமும் பெண்ணும் மாப்பிள்ளையும் முழந்தாளில் நின்று கை பிடிப்பார்களாம். எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய கண்ணாடிகள். நடுவில் நின்றால் ஆளுக்குப் பின்னால் ஆள், அவருக்குப் பின்னால் ஆள் என்று முடிவில்லாமல் போகும். கலியாணம் சாவோடு முடிவதில்லை என்பதைக் காட்டத்தான் அப்படி என்றார். மருமகள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவள், கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதே கண்ணாடிகளுக்கு நடுவில் அவள் இப்போது முழந்தாளில் நிற்கிறாள். வெளியில், காருக்குள், அக்காவின் விரல் செபமாலையின் ஒரு மணியிலேயே நின்றுவிட்டது.

"உள்ளுக்க இப்ப என்ன செய்வினம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெள்ளை உடுப்பு, பீடம், கண்ணாடி.

"செத்தாப்பிறகும் பிரியமாட்டினமாம். அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தவள். எங்கட கலியாணத்தில சாமியார் 'மரணம் பிரிக்குமட்டும்' எண்டுதான் சொன்னவர். என்ர மனுசனை அது மன்னாரில வைச்சே பிரிச்சுப்போட்டுது. சரி, மோட்சத்தில காணலாம் எண்டு நான் இருக்கிறன். இவள் எங்க நிப்பாள்? மோட்சத்திலயும் எங்களுக்கு ஒரு தெரு, அவைக்கு வேற ஒழுங்கையோடா?"

நான் காரின் சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

"அண்டைக்குக் கதவு திறந்துதான் கிடந்தது" என்றார் அக்கா, செபமாலையைப் பார்த்தபடி. "நான்தான் போகேல்லை."

அப்போதுதான் சொன்னேன். அன்றைக்குப் பஸ்ஸில் அக்காவின் முகம் கடுகடுவென்று இருந்ததால் சொல்லாமல் விட்டது. பிறகு சொல்ல ஒரு தேவையும் வரவில்லை.

"அக்கா, அண்டைக்கு அந்தக் கண்ணாடிக்குள்ள பாத்திட்டு உன்ர மகள் என்ன சொன்னவள் தெரியுமோ? கடைசியில சின்னனாய், முகம் தெரியாமல் ஒரு உருவம். உன்ர நீலச் சுவெற்றர். 'மாமா, அங்க தூரத்தில நிக்கிறது அம்மா மாதிரிக் கிடக்கு' எண்டவள். கையைக் காட்டினவள். அங்காலயும் கை காட்டினது. அதுக்குப் பிறகுதான் வெளியால வந்தவள்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொய். என்னை இறக்கிறதுக்கு இப்ப கட்டின கதை."

"மாதா மேல ஆணை."

"மாதாவை ஏன்ரா கார் நிப்பாட்டிற இடத்துக்கெல்லாம் இழுக்கிறாய்?"

கார்க் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். மாப்பிள்ளையின் தாய். சிவப்புக் கோட்டு, கையில் சிகரெட். கத்தோலிக்கராகப் பிறந்தவர். மகன் தனியாகத்தான் இந்தச் சபையில் சேர்ந்தவன். கண்ணாடியை இறக்கினேன். குனிந்து, கியூபெக் பிரெஞ்சில் மூச்சு விடாமல் ஏதோ கொட்டினார்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"பெத்து வளத்தனான், இப்ப டாக்ஸிக்காரன் மாதிரி வெளியால நிக்கிறன் எண்டு சொல்லுறா."

"அவவும் உள்ளுக்க போகேலாதோ?"

"ஏலாது."

"மாப்பிள்ளையைப் பெத்தவவுமோ?"

"ஓம் அக்கா."

அக்கா அந்த மனுசியை மேலும் கீழும் பார்த்தார். வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "அப்ப நல்ல கோயில்தான். சம்பந்தி மரியாதை ரெண்டு பக்கமும் ஒண்டாய்க் குடுக்குது."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார். பிறகு திடீரென்று வாசல் பக்கம் திரும்பி, "மதாம், வெனே, வெனே!" என்று அக்காவை வரச்சொல்லிக் கூப்பிட்டு, சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு நடந்தார். கமராக்காரர் கமராவைத் தூக்கினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. கதவுக்கு நேர் எதிரே, எல்லோரும் ஒதுங்கி விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. செபமாலையைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கதவைத் தானே திறந்தார். சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், நிற்காமல், சிவப்புக் கோட்டையும் பூச்செண்டுகளையும் தாண்டிப் போனார். வாசல் சீமெந்து தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நின்றார். குனிந்து, புதுச் செருப்பு இரண்டையும் கழற்றி, சோடியாகச் சுவரோரம் வைத்தார். பிறகு அந்தக் குளிர்ந்த சீமெந்தில் வெறுங்காலோடு கதவுக்கு நேரே போய் நின்றார்.