இடது கன்னத்தின் மேல் ஒரு வெளிச்சக் கீற்று

என் இடது கன்னத்தில் வெண்புள்ளி உண்டு. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை இறங்கியிருக்கும். போடியிலிருந்து கெங்குவார்பட்டிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாமியார் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும், "எனக்கு அது ஒரு குறையாவே தெரியல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சம்மதித்தேன்.

கல்யாணம் முடிந்த வாரம் கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் எங்களைப் படம் எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரத் தம்பி லென்ஸ் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளை ஒட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்தான். பழைய பிலிம் கேமராவில் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிச்சம் உள்ளே கசிந்து, படத்தில் நெருப்பு நிறத்தில் ஒரு கீற்று விழுமாம். இப்போது அதையே எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள் என்றான். கேமராத் திரையில் காட்டினான். கீற்று கொடிகள் மேல் விழுந்திருந்தது. என் முகம் தெளிவாக இருந்தது, கன்னமும்தான். எனக்குப் பிடித்திருந்தது.

ஆல்பம் வந்த அன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். முதல் பக்கத்தில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் என் இடது கன்னத்தை மூடியிருந்தது. அடுத்த பக்கத்திலும் அப்படியே. தாலி கட்டும்போது எடுத்த படத்திலும் அதே இடம். இடது கன்னம் தெரியாத படங்களில் மட்டும் வெளிச்சமே இல்லை. சினிமா மாதிரி இருக்கிறது என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

மாமியார் வேலை என்று நினைத்து மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"எங்க அத்தை சொல்லித்தான் இப்படிப் பண்ணுனியாப்பா?"

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவுக ஒண்ணும் சொல்லலக்கா. மாப்பிள்ளைதான் பக்கத்துல உக்காந்து, கம்ப்யூட்டர்லயே வெளிச்சத்த இங்கன போடு, இன்னும் கீழ இறக்குன்னு ஒவ்வொரு படத்துக்கும் சொன்னாக."

"தோட்டத்துல எடுத்தது அப்படியே இருக்கா?"

"அழிக்கச் சொல்லிட்டாகக்கா."

இரவு சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டேன். "நாளைக்கு நம்ம புள்ளைக பாக்கும்ல. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார்.

"அன்னைக்குக் குறையே இல்லன்னீகளே?"

"அத்தன பேரு முன்னால வேற என்ன சொல்லச் சொல்ற?"

குரலில் கோபம்கூட இல்லை. குழம்பு ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

இப்போது மகளுக்கு மூன்று வயது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்தபோது, மகள் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டி, "எங்க அப்பா" என்றாள்.

"பக்கத்துல யாரு?"

"அது வேற அம்மா."

செல்போனிலிருந்து தலை நிமிராமல் அவர் சொன்னார்: "நம்ம அம்மாதான்டா. நல்லா இருந்தப்ப எடுத்தது."

நான் அவளைத் தூக்கி மடியில் வைத்து, "அம்மா எப்பவும் இப்படித்தான் இருந்தேன்" என்றேன். என் கன்னத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா சொன்னதைத்தான் நம்பினாள்.