மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி

வேலை முடிந்து வந்ததும் அவள் நேராகக் குழாயடிக்குத்தான் போவாள். ஆனால் சோப்பைத் தொடமாட்டாள். முதலில் இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துவரும் கணவர், "ரேகை பாத்து முடிச்சாச்சா, சாப்பிடலாமா?" என்பார். அவள் மட்டும் சிரித்ததில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஊசி போட்ட நேரத்தை, மணிக்கட்டில் ஒட்டிய பிளாஸ்திரியில் நர்ஸ்கள் கிறுக்கிக்கொள்வார்கள். மூச்சுவிட நேரம் கிடைத்ததும் நோயாளியின் தாளில் ஏற்றுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு, வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு மதியம் நாலாம் படுக்கைக்காரருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு '4 – 1.40' என்று எழுதிக்கொண்டாள். அடுத்த நிமிடமே பேருந்து விபத்தில் அடிபட்டவர்கள் வந்து குவிந்தார்கள். இரண்டு மணிக்கு டாக்டர் மாறினார், ஷிப்ட் முடிந்து அவளும் கிளம்பினாள்.

வீட்டில் சோப்பு நுரைக்குள்ளிருந்து அந்த எண்கள் எட்டிப்பார்த்தன. தாளில் ஏற்றவில்லை. 'உடனே போடவும்' என்ற உத்தரவு மட்டும் அங்கே இருக்கும். பார்க்கிறவர்கள் இன்னொன்று போடுவார்கள். துடிப்பு நின்றுபோகும்.

ஆஸ்பத்திரியில் போனை யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. விலக்கிக்கொண்டு நுழைந்தாள்.

திரைக்குள், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த நர்ஸ் நின்றிருந்தாள், கையில் நிரப்பிய ஊசியோடு. எதையும் இரண்டு முறை கேட்பதால் அவளுக்கு 'ரெண்டுதடவை' என்று பெயர், வைத்தது இவள்தான். ஏற்கெனவே ஓர் ஊசி போட்டதாக நோயாளியின் மனைவி சொன்னதைக் கேட்டு அக்கா தயங்க, புது டாக்டர் அவளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கண் இவள் மணிக்கட்டில் விழுந்தது. அருகில் வந்து மெல்லக் கேட்டாள்: "போட்டியா?"

தலையாட்டினாள்.

"போட்டியா?"

"போட்டேன்க்கா."

நாடி இறங்கியிருக்கிறது, இப்போது வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அக்கா ஊசியைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். டாக்டர் இவள் பக்கம் திரும்பினார். நீ எதற்கு வந்தாய் என்றார்.

"குடைய மறந்துட்டேன் டாக்டர்," என்றாள் இவள், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

நோயாளி பிழைத்தார். உத்தரவிட்ட மருந்தைக் கொடுக்கவில்லை என்று அக்காவுக்கு மெமோ வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இவள் அழுதபோது அக்கா, "உனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல? அது ஆகட்டும். அப்புறம் சொல்லு," என்றாள்.

நிரந்தரமானது. சொல்லவில்லை. மேலதிகாரியின் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். பிறந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள். பிறகு அக்கா மாற்றலாகிப் போனாள். பயம் மட்டும் மாற்றலாகவில்லை.

போன மாதம் அவள் ஓய்வுபெற்றாள். வெறும் மணிக்கட்டுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இன்னமும் சோப்பை எடுக்கிறாள். அக்காவின் பணிப்பதிவேட்டில் அந்த மெமோ இன்றும் அக்காவின் பெயரிலேயே இருக்கிறது.