இரண்டு நாள் தூரம்

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கல்லாங் விமான நிலையத்தில் ஆட்களையும் எடை போட்டுத்தான் ஏற்றுகிறோம். ஊரில் இருந்தபோது போடியில் ஏலக்காய் மூட்டைகளை நிறுத்தவன் நான். இங்கே தொப்பி வைத்த கனவான்களும் அவர்களுடைய மனைவிமாரும் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி நிற்க, நான் பவுண்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு பெண்மணியின் எடையைச் சொல்லக் கூசி வாய்க்குள் முணுமுணுத்ததற்குத் திட்டு வாங்கினேன்.

அக்கா ராசம்மாளுக்கு விஷக்காய்ச்சல், பிழைப்பது சந்தேகம் என்று வீரபாண்டியிலிருந்து மச்சான் கொடுத்த தந்தி வந்த அன்றும் தராசடியில்தான் நின்றிருந்தேன். வெள்ளைக்கார அதிகாரி தந்தியை வாங்கிப் படித்தார்.

“உன் ஊர் எவ்வளவு தூரம்?”

“பத்து நாள், சார்.”

“நான் மைல் கேட்டேன்.”

எனக்கு மைல் தெரியவில்லை. கப்பலின் மேல்தட்டில் படுத்து வந்தவனுக்கு எத்தனை நாள் என்பதுதான் தெரியும். கல்கத்தா இரண்டாயிரம் மைல் இருக்கும், விமானத்தில் இரண்டு நாள் என்று அவரே சொன்னார். மறுநாள் விமானத்தில் ஒருவர் பயணத்தை ரத்து செய்திருந்தார். “தராசில் ஏறு” என்றார் அதிகாரி. நூற்றுப் பத்து பவுண்டு. அப்படித்தான் கட்டணமில்லாமல் எனக்கு இடம் கிடைத்தது.

பினாங்கு, இரவு தங்கல் பாங்காக்கில், பிறகு ரங்கூன், அக்கியாப். இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் கல்கத்தா. முன்பு ஒரு வாரம் குமட்டலோடு கடந்த கடல், மேலிருந்து பார்க்க அசையாமல் கிடந்தது. அங்கிருந்து சென்னை மெயில், மதுரை வண்டி, கடைசியாகப் போடி வண்டியில் தேனி. வானத்தில் மிச்சம் பிடித்த நாட்களில் பாதியை ரயில் தின்றது. ஆறாம் நாள் வீரபாண்டி வாசலில் நின்றேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் முந்தின நாள்தான் இறங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ஏலே, தந்தி போன வாரந்தான அடிச்சாக? எப்படிலே வந்த?”

“ஏரோப்பிளேன்ல வந்தேன்க்கா. அங்கன இருந்து கல்கத்தாவுக்கு ரெண்டே நாள்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் இதுதான் நான் முதல்முறை வருவது.

“ரெண்டு நாளா? அம்புட்டுப் பக்கத்துலயா இருந்த? ஆத்தா செத்தப்ப, தூரம், வந்துசேர முடியாதுன்னு எழுதுனியே.”

அந்த ஆசனம் எனக்கு உரியதல்ல, ஒருவர் ரத்து செய்ததால் கிடைத்தது என்று விளக்கியிருக்கலாம். அம்மா இறந்தபோது கப்பலில் வந்திருந்தால் காரியத்துக்காவது வந்து சேர்ந்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்தேன். தூரம் என்று எழுதினேன். “தப்புதான்க்கா” என்றேன். அவள் கிண்ணத்தை எடுத்து மீதிக் கஞ்சியைக் குடித்தாள்.

ஒரு மாத விடுப்பு முடிந்து நான் புறப்பட்ட அன்று, வேண்டாமென்றாலும் கேளாமல் தேனி ஸ்டேஷன் வரை வந்தாள். பெட்டியில் என் எதிரே இருந்த பெண்மணி, தம்பி எங்கே போகிறார் என்று அவளிடம் கேட்டாள்.

“சிங்கப்பூருக்கு. பக்கந்தான் தாயி, ரெண்டு நாள்ல வந்துருவான்.”

நாகப்பட்டினத்தில் ஏற வேண்டிய கப்பல் சீட்டு என் சட்டைப் பைக்குள் இருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை, நாலைந்து அடி என்னோடு வந்து, விட்டது.