கேட்டுவிட்டு நடந்த பாதை

எங்கள் ஊர்ப்பக்கம் வக்கீல் ஆபீஸ் படி ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சண்டை போட வேண்டும். ஒருவருடைய மண்டையாவது உடைய வேண்டும். இரண்டு தரப்பும் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்து, ஜாமீனுக்கு என்ன செய்வது என்று விழிக்கும்போதுதான், வக்கீல் என்று ஒருவர் இருப்பதே எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, சண்டைக்கு முன்பே வக்கீலைப் பார்க்கப் போன முதல் ஆள், எனக்குத் தெரிந்து, என் அம்மாதான். அப்போது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. கொல்லை என்றால் எங்கள் பக்கம் வீட்டின் பின்புறம் இல்லை, விதைக்கிற நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுவோம். அந்த வருஷம் சின்ன வெங்காயம் போட்டிருந்தோம். தார் ரோட்டிலிருந்து கொல்லைக்குப் போக ஒரே ஒரு வண்டிப்பாதைதான். அது பெரியப்பாவின் நிலத்து ஓரமாக, அவரும் பெரியம்மாவும் குடியிருக்கிற கொட்டாயை ஒட்டிப் போகும். பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை, பங்காளி. இரண்டு பேருடைய தாத்தாக்களும் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுதிய பத்திரத்தில் கிணறு இருந்தது, களம் இருந்தது, புளியமரத்தின் எந்தக் கிளை யாருக்கு என்பதுகூட இருந்தது. பாதை மட்டும் இல்லை. தினமும் நடக்கிற இடத்தைப் போய் எழுதி வைப்பார்களா என்று நினைத்திருப்பார்கள் போல.

பெரியப்பா எங்கள் கொல்லையை இரண்டு தடவை விலைக்குக் கேட்டார். அம்மா இரண்டு தடவையும் தரமாட்டேன் என்றாள். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பாதையின் குறுக்கே கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டியிருந்தார். ஓரத்தில் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு விட்டிருந்தார். நடந்து போகலாம், டிராக்டர் போகாது. வெங்காயம் பிடுங்க இரண்டு மாதம்தான் இருந்தது. வண்டி வராத கொல்லையில் விளைந்ததை எந்த வியாபாரி வந்து எடுப்பான்? ஒரு வெள்ளாமை உள்ளேயே அழுகிப்போனால், நிலத்தை யாரிடம் விற்பது என்று நாங்களே கேட்டுக்கொண்டு வருவோம் என்பது அவருடைய யோசனை.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். போனில் அவர் கொடுத்த தீர்ப்பு சுருக்கமானது. “மச்சான வரச்சொல்லு. புடுங்கி எறிஞ்சிட்டு மத்தத பாத்துக்கலாம்.” மறுநாளே பூலாம்பாடியிலிருந்து மாமா வந்துவிட்டார். கூட இரண்டு கூட்டாளிகள், ஒரு கடப்பாரை. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்து மூன்று பேருக்கும் இலை போட்டாள். அவர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது கடப்பாரையைக் கொண்டுபோய்க் குளியலறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். கை கழுவ எழுந்த மாமாவிடம், “நாளைக்குப் பெரம்பலூர் போயி வக்கீல பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாது” என்றாள். மாமாவுக்கு வந்த கோபத்தைவிட, உண்ட மயக்கம் பெரிதாக இருந்தது. படுத்துவிட்டார்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கிடைத்த சந்தோஷத்தில் நானும் கூடப் போயிருந்தேன். கறுப்புக் கோட்டு, பெரிய மேசை, அலமாரி நிறைய புத்தகம் என்று என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். வக்கீலம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்திரத்தை இடது கையால் புரட்டிப் படித்துக்கொண்டே கேட்டார்.

“கல்லுக்கால்ல கைய வச்சீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“வாய்ச்சண்டை?”

“அதுவும் இல்லீங்க.”

வக்கீலம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவை நன்றாகப் பார்த்தார். “எல்லாரும் ஒடச்சிட்டுத்தாம்மா வருவாங்க. நான் மொதல்ல அத ஒட்ட வைக்கவே ஒரு வருஷம் ஆவும். நீங்க பாதி வேலைய முடிச்சிட்டு வந்திருக்கீங்க.” அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கொல்லைக்கு வேறு வழி இருக்கிறதா என்று வக்கீலம்மா கேட்டார். ஓடைதான் இருக்கிறது, மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் என்றாள் அம்மா. எத்தனை வருஷமாக வண்டி போகிறது என்று கேட்டார். மாமனார் காலத்திலிருந்து என்றாள்.

“யாருகிட்டயாச்சும் கேட்டுட்டுப் போயிருக்கீங்களா, இந்த வழியா போவட்டுமான்னு?”

“நம்ம பாதையில போறதுக்கு எதுக்குங்க மேடம் கேக்கணும்?”

“அவ்ளோதான். இத மறந்துறாதீங்க.” வக்கீலம்மா டிபன் பாக்ஸை மூடினார். “தாலுகா ஆபீஸ்ல மனு குடுப்போம். தாசில்தார் வந்து பாக்கட்டும். அதுலயே முடிஞ்சா கோர்ட்டுக்கே போவ வேணாம். முடியலன்னா அப்ப கேஸ் போடலாம், நானே சொல்றேன். அதுவரைக்கும் நடக்கறத மட்டும் நிறுத்தாதீங்க. தெனமும் போங்க, வாங்க. ஆனா கேட்டுட்டுப் போவாதீங்க. கேட்டுட்டுப் போனா அது உரிமை இல்லம்மா, அவரு காட்டுற தயவு. நாளைக்கே கெடையாதுன்னுடுவாரு. அப்பறம், யாரு எந்தப் பேப்பர நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க.”

கேஸ் பிடிக்க ஆள் வைத்து அலைகிறவர்கள் இருக்கிற ஊரில், கேஸ் வேண்டாம் என்று சொன்ன அந்த வக்கீலை இன்று நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அன்று நான் அவருடைய எலுமிச்சை சாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து நடை ஆரம்பித்தது. காலை நடை அம்மாவுடையது, மாலை நடை என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குவாளியில் டீயோடு கொல்லைக்குப் போக வேண்டும். அம்மா கொல்லையில் இருந்தால் சரி, இல்லாத நாளிலும் போக வேண்டும். மழை நாளில் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போய், யாருமே இல்லாத வெங்காயப் பாத்திகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. என்மேல் ஏதோ கோபத்தில் அம்மா தண்டனை கொடுக்கிறாள் என்றே நினைத்தேன்.

நடையைவிடக் கஷ்டம் ஒன்று இருந்தது. கேட்கக் கூடாது என்ற கட்டளை. “பெரியம்மா அங்க உக்காந்திருந்தா என்ன சொல்லணும்?” என்று நான் கேட்டதற்கு, “ஒண்ணும் சொல்லாத. நீ பாட்டுக்குப் போ” என்றாள் அம்மா. என்னால் அது முடியாது. வகுப்பிலேயே மரியாதை தெரிந்த பிள்ளை என்று டீச்சர் எனக்கு ஒரு பென்சில் டப்பா பரிசு கொடுத்திருந்தார். யாராவது வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைத் தாண்டிக் கழுதை மாதிரி போவதா?

முதல் நாளே கேட்டுவிட்டேன். “பெரியம்மா, இந்த வழியா போவட்டுமா?”

வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். “போ சாமி. மகராசியாப் போ.” எழுந்து வந்து, இடுக்கில் என் பாவாடை மாட்டாமல் முள்கம்பியைத் தன் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் வழக்கமாகிவிட்டது. நான் கேட்பேன், அவள் சிரிப்பாள், கம்பியைப் பிடிப்பாள். சில நாள் அவித்த கடலை கொடுப்பாள். அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பேச்சைக் கேட்காததற்கு முதுகு பழுத்துவிடும்.

ஒருநாள் நான் கேட்டது, மோட்டார் கொட்டகையில் இருந்த பெரியப்பாவின் காதில் விழுந்துவிட்டது. வெளியே வந்து என் தலையைத் தடவினார். வேலி போட்டதிலிருந்து எங்கள் பக்கம் திரும்பியே பார்க்காத மனிதர். “நல்ல புள்ள. இப்பிடித்தான் கேட்டுட்டுப் போவணும். தெனமும் கேளு, என்ன?” என்று சொல்லி ஒரு மிட்டாய் வேறு கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியம்மாதான் அன்று சிரிக்கவில்லை. மறுநாள் நான் வாயைத் திறப்பதற்குள், “இனிமே கேக்காத பாப்பா. போற போக்குல போயிடு” என்றாள். என் மரியாதையைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாகக் கேட்டுவிட்டுப் போனேன்.

கார்த்திகை மாதம் தாசில்தார் ஜீப்பில் வந்தார். பின்னாலேயே வக்கீலம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். சர்வேயர் டேப் பிடித்து அளந்தார். மண்ணில் பழைய வண்டித் தடம் ஆழமாகப் பதிந்திருந்ததை அம்மா காட்டினாள். கை கட்டிக்கொண்டு, குரல் உயர்த்தாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மாமாவைக் கூட்டத்தின் கடைசியில் நிற்க வைத்திருந்தாள்.

பெரியப்பா முன்னால் வந்தார். “நான் எப்பங்க சார் மறிச்சேன்? பங்காளி வூடாச்சே, பாவம்னு வுட்டு வச்சிருக்கேன். அவங்களே எங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போறாங்க. இதோ நிக்குதே, இந்தப் புள்ளயே தெனமும் கேட்டுட்டுத்தான் போவுது. என் சம்சாரத்தையே கேளுங்க.”

அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். வக்கீலம்மாவும் பார்த்தார். தாசில்தார் குனிந்து, “என்ன பாப்பா, கேட்டுட்டா போவே?” என்றார். பொய் சொன்னால் பாவம், உண்மையைச் சொன்னால் அடி. நான் வாயைத் திறந்தேன்.

“சின்னப் புள்ளய எதுக்குங்க கேக்குறீங்க? நாந்தானே அங்கயே கெடக்குறேன், என்னக் கேளுங்க” என்று பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “அது எங்கங்க கேக்கும்? அது பாட்டுக்குப் போவும், அது பாட்டுக்கு வரும். ஒரு நாளும் கேட்டதில்ல. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அவங்க வண்டி இதுலதாங்க போவுது. யாரும் யாரையும் கேட்டதில்ல.”

பெரியப்பா அவளைப் பார்த்த பார்வையை நான் கவனிக்கவில்லை. நான் பெரியம்மாவையே முறைத்துக்கொண்டிருந்தேன். தாசில்தார் எழுதிக்கொண்டார். வக்கீலம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஃபைலில் எதையோ தேட ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. கல்லுக்கால்களைப் பெரியப்பாவே பிடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மார்கழியில் மாமாவின் டிராக்டர் எங்கள் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் வெளியே வந்தது. கேஸ் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அப்பா போனில், “நான் இருந்திருந்தா கெடுத்திருப்பேன்” என்றார். கூலியாட்களோடு மூட்டை தூக்கி, தலையில் சும்மாட்டோடு நின்ற அம்மாவைப் போல ஒரு கெட்டிக்காரியை இன்றுவரை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

ஆனால் உத்தரவு வரும்வரை அந்த ஒரு வாரமும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தாசில்தார், வக்கீலம்மா, ஊர் ஜனம் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்காமல் கொள்ளாமல் போகிற மரியாதை கெட்ட பிள்ளை என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். இத்தனை நாள் கேட்டேனே, அத்தனையும் மறந்துவிட்டாளா? கடலை கொடுத்ததெல்லாம் வேஷமா? இனிமேல் அவளிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

விசாரணை நடந்து மூன்றாம் நாள் காலையில் ரோட்டில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா தனியாக வந்தாள். கையில் பெரிய கட்டைப்பை. செட்டிகுளம் பஸ் நிற்கிற எதிர்ப்பக்கம் போய் நின்று, “பாப்பா” என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். நான் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செட்டிகுளத்தில் அவளுடைய அண்ணன் வீடு இருப்பது எனக்குத் தெரியும். அந்த ஊர்ப் பங்குனித் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டாள், என்னைக் கூப்பிடாமல் தான் மட்டும் பொரியும் மிட்டாயும் வாங்கித் தின்னப் போகிறாள் என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். தேருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அவள் ஒரு கன்னம் மறைய முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பனிக்காலம் ஆரம்பித்துவிட்டது, குளிருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.