பொறுப்பு ஏற்பவர் பெயர்

மயிலாப்பூரில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் ராஜரத்தினம் கண்காணிப்பாளர். அவர் எழுதிய குறிப்பு ஒவ்வொன்றும் "மேலிட உத்தரவை வேண்டி" என்றுதான் முடியும். அவசரப்பட்டுக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்விசிறி வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்ட பக்கத்து மேசைக்காரர் மேல் 'பதினேழு பி' என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை பாய்ந்தது. ஓய்வுபெற வேண்டிய நாளில் அந்த மனிதரை ஓய்வுபெற விடாமல் நிறுத்தியும் வைத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர் ராஜரத்தினம். அவருக்கும் அடுத்த வருஷம் ஓய்வு.

தொண்ணூற்றொன்பது மே மாதம் அலுவலகக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. சான்றிதழ் அடிக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தது தி.நகர் கம்பெனி ஒன்று. வருஷா வருஷம் அவர்கள் ஆள் வந்து ஒரு ரகசிய எண்ணைத் தட்டினால்தான் அது திறக்கும். அந்த வருஷம் யாரும் வரவில்லை. ராஜரத்தினம் நேரில் போய்ப் பார்த்தார். கம்பெனி இருந்த மாடியில் புடவை விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கேயோ பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். கம்ப்யூட்டரில் அடித்த சான்றிதழ்தான் செல்லும் என்று உத்தரவு வேறு. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கட்டு முழுக்க ஜனம்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜமீலுன்னிசா கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் என்ற மென்பொருளை ஒரு பழைய மெஷினில் ஏற்றினார். அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். காசும் கிடையாது, ரகசிய எண்ணும் கிடையாது. அதில் தானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, அந்த வருஷம் பள்ளியில் சேரும் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் புதிதாகத் தட்டி, சான்றிதழே அடித்துக் காட்டிவிட்டார்.

ராஜரத்தினம் விதியைப் பிடித்துக்கொண்டார். எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். இலவசத்துக்கும் வேண்டும் என்று விதியில் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. பாண்டி பஜார் பக்கம் கரீமுல்லாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், லினக்ஸுக்கு ஒரு கொட்டேஷன் கேட்டார். கரீமுல்லா முதலில் டீ சொன்னார்.

"இன்னா சார் நீங்க. சும்மா கெடைக்கிறதுக்கு நான் இன்னா வெல போட்டுக் குடுக்கிறது?"

வேறு வழியில்லாமல், கொட்டேஷன் இல்லாமலேயே ஃபைலை மேலே அனுப்பினார். அதிகாரி ஓரத்தில் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். போய் நின்றபோது, யோசனை நல்லதுதான், ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது, கம்பெனி என்று ஒன்று வேண்டாமா என்றார். பொறுப்பு ஏற்பவர் பெயரை எழுதிக்கொண்டு வந்தால் உடனே ஒப்புதல் தருகிறேன் என்றும் சொன்னார். ராஜரத்தினத்துக்கு, தானே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

விஷயம் கேட்ட ஜமீலுன்னிசா கொஞ்சமும் தயங்கவில்லை. "என் பேரை எழுதிடுங்க சார். செஞ்சது நான்தானே."

உண்மையைச் சொன்னால் ராஜரத்தினத்துக்கு அப்பாடா என்றிருந்தது. பேனாவைத் திறந்தும் விட்டார். ஆனால் எழுத ஓடவில்லை. தி.நகர் கம்பெனிக்குப் பெயர் இருந்தது, முத்திரை இருந்தது, ரசீது இருந்தது. வேண்டிய நேரத்தில் ஆள்தான் இல்லை. இந்தப் பெண் எதிரில் நிற்கிறாள். கோளாறு வந்தால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யவும் தெரிந்தவள். இன்னும் எத்தனையோ வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிற இவளை முன்னால் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போகப்போகிற நான் பின்னால் ஒளிந்துகொள்வதா? அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமும் துளிகூடக் குறையவில்லை.

தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபைலை மூடி ஜமீலுன்னிசாவிடம் நீட்டினார்.

"சீக்கிரம் மேல கொண்டு போய்க் குடுத்துடுங்கம்மா. இங்கயே கெடந்தா என் மனசு மாறிடும்."