காட்டேரி அக்காவும் கோல்கீப்பரும்

எங்கள் கால்பந்து அணிக்கு ரத்தப் பரிசோதனை செய்பவளுக்குக் காட்டேரி அக்கா என்று பெயர் வைத்தது பையன்கள்தான். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "வாங்கடா, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுப்பாள். அம்மா போனபின் ஒண்டியாக நின்று தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அந்தத் தம்பிதான் எங்கள் கோல்கீப்பர். நான் அணியின் வேன் டிரைவர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதியில் தம்பி பந்துக்குப் பாய்ந்தபோது கம்பத்தில் மண்டை மோதியது. ஒன்றுமே நடக்காதவன் போல எழுந்து ஆட்டத்தை முடித்தான். மறுநாள் இறுதி ஆட்டம். பெரிய கிளப்காரர்கள் அவனைப் பார்க்கவே வருகிறார்கள்.

மூளையில் அடிபட்டால் ஒருவகைப் புரதம் ரத்தத்தில் கசியுமாம். சீசன் தொடக்கத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அக்கா எடுத்த ரத்தத்தில் தம்பிக்கு அது எகிறியிருந்தது. ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்றாள் அக்கா.

கோச் மருத்துவ அறையில் குதித்தார். "ஓடியாடினாலே அது கொஞ்சம் ஏறும்னு டாக்டரே சொல்றாரு. ஞாபக டெஸ்ட்ல பையன் பாஸ்! அப்புறம் என்ன?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டுவார். திருப்பிச் சொல்ல வேண்டும். "சீசன் தொடக்கத்துல நாலு சொன்னான். இன்னைக்கும் நாலு. குறையலையேம்மா, எதை வச்சு நிறுத்துறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொடக்கப் பரிசோதனையில் இந்தப் பயல்கள் வேண்டுமென்றே மறந்ததுபோல் நடிப்பார்கள். பின்னால் அடிபட்டாலும் மதிப்பெண் குறையாதே! என் வேனில் உட்கார்ந்தே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கெட்டிக்காரத்தனமாம், மண்ணாங்கட்டி!

அக்காவுக்கும் இது தெரியும். "டாக்டர், அவன் அன்னைக்கு நடிச்சான்" என்று போட்டு உடைத்தாள்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆமா, நடிச்சேன். எல்லாரும்தான் நடிக்கிறாங்க. இன்னைக்கும் பத்தும் தெரியும், நாலோட நிறுத்திக்கிட்டேன். கூட சொன்னா மாட்டிக்குவேன்ல? ஏன்க்கா என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடுற?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். "சரிடா. இப்ப நடிக்காம சொல்லு. டாக்டர் வேற பத்து வார்த்தை படிக்கட்டும். எல்லாத்தையும் சொல்லிட்டா நான் வாயே திறக்கல."

"இவ்வளவுதானா?" என்று அவன் இளித்தான். கோச் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். டாக்டர் நிதானமாகப் படித்து முடித்தார்.

"கதவு" என்றான் தம்பி. "குடை... ஏணி..."

நின்றுவிட்டான். கண்ணை இறுக்கி மூடினான். உதடு மட்டும் அசைந்தது. "கதவு" என்று மறுபடி ஆரம்பித்தான். ஐயோ, சொல்லித் தொலையேன்டா என்று எனக்கே கத்த வேண்டும்போல் இருந்தது.

கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, நான் நடிக்கலக்கா."

"தெரியும்டா கண்ணு" என்றாள் அவள்.