அம்சவள்ளி ஏறிய கூரை

அம்சவள்ளியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "சாப்ட்டியாம்மா?" என்றுதான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்பார்கள். உடம்பு அப்படி. காற்று பலமாக அடித்தால் அவள் முந்தானையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் புருசன் பச்சமுத்துவும் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று பரிதாபமாகச் சொல்லும்போது மட்டும் மனசு வலிக்கும். தின்னாமலா இருக்கிறாள்? ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

பச்சமுத்துவோ வாசற்படியில் குனிந்தும் ஒருக்களித்தும் நுழைகிற ஆள். மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும்போது அவன் ஓட்டு வீடுகளுக்குக் கூரை மாற்றப் போவான். அம்சவள்ளி கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுப்பாள். ஏணியைத் தாண்டி அவள் ஏறியதே இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் கார்த்திகையில் ஒரு புயல். பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் திரௌபதியின் வீட்டுக் கூரையில் தெற்குச் சரிவை அது பிய்த்துப் போட்டுவிட்டது. அவள் மாமனாரின் அப்பா கட்டிய நாட்டு ஓட்டு வீடு அது. கூடத்தில் விதைக்கு வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. மற்ற அறைகள் முன்பே ஒழுகியதால் எல்லாவற்றையும் இங்கேதான் சேர்த்திருந்தாள். மேலே போட்ட தார்ப்பாயும் காற்றில் கிழிந்துவிட்டது. இன்னொரு மழையில் விதை நனைந்தால் மார்கழியில் விதைக்க ஒன்றும் மிஞ்சாது, கொல்லை நிலம் சும்மாதான் கிடக்கும்.

கூரை வேய வந்த பச்சமுத்து ஏறி ஒரு கால் வைத்தான். காலடியில் இருந்த ஓடுகள் அப்பளமாக நொறுங்கின. பனஞ்சட்டம் முனகியது.

"ஏம்பா, புயல் உட்டு வச்சதையும் நீ மிதிச்சிடாத" என்றாள் திரௌபதி.

அவன் இறங்கி வந்து மனைவியை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வையில் முதல்முறையாகப் பரிதாபம் இல்லை.

"அம்சா, நீ ஏறு."

ஏறினாள். உப்புப் பாத்தியில் தரை கலங்காமல் நடந்து பழகிய கால்கள் அவளுடையவை. ஒரு ஓடுகூட விரிசல் விடவில்லை. பச்சமுத்துவுக்கு ஏகப்பட்ட நிம்மதி. அனுமந்தையில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், அங்கே இன்னும் கொஞ்சம் ஓடு கிடைக்கும் என்று கிளம்பிப் போய்விட்டான்.

இங்கேதான் வந்தது வினை. உப்பளத்தில் பாத்தியின் மறுகோடியில் தொடங்கி, உப்பை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து வரப்புக்கு வருவார்கள். அம்சவள்ளியின் உடம்பில் ஊறிய வேலை அது. கூரையிலும் முகட்டில் தொடங்கினாள். ஓட்டின் மேல் ஓட்டை ஏற்றி வைத்துக்கொண்டே, பின்னால் பின்னால் நகர்ந்து கீழ் ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். வரிசை கோடு போட்ட மாதிரி இருந்தது. அவளுக்கே அவளை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

பச்சமுத்து ஓடு ஏற்றிய வண்டியோடு திரும்பியபோது கிழக்கே வானம் கறுத்துவிட்டிருந்தது. அண்ணாந்து பார்த்தவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"இன்னாப்பா? பாக்க அழகாத்தான இருக்குது" என்றாள் திரௌபதி.

"அழகாத்தாங்க இருக்குது. ஆனா தலகீழா வேஞ்சிருக்குது. மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி உக்காரணும். மழ வந்தா அத்தினி தண்ணியும் உங்க மூட்ட மேலதான் எறங்கும்."

அம்சவள்ளிக்கு முகம் சுருங்கிப்போனது. தன்னால் ஒரு குடும்பத்தின் விதை கெட்டுவிடுமோ? இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"யோவ், ஏணிய இப்பிடிப் போடு. ஓரத்துலருந்து வர்றேன். நீ நின்னு கை குடு."

பிரித்துப் பிரித்து அவனிடம் கொடுத்தாள். பிறகு கீழிருந்து மேலே வேய்ந்துகொண்டே போனாள். உப்பு வாருகிற கை பின்னால் இழுக்கப் பார்த்தது, அவள் விடவில்லை. முகட்டு ஓட்டை வைத்தபோது முதல் தூறல் அவள் முதுகில் விழுந்தது.

மழை கொட்டியது. மூன்று பேரும் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மூட்டைகளின் மேல் ஒரு சொட்டு இல்லை. திரௌபதி ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கொட்டை காய்ந்து கலகலவென்று இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

அப்போது பச்சமுத்துவின் பிடரியில் சொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது. காலையில் அவன் கால் வைத்த இடத்தில் விரிசல் விட்ட ஒரு ஓடு யார் கண்ணிலும் படாமல் தங்கிவிட்டது. அம்சவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் நகர்ந்து நின்று சிரித்தான்.

திரௌபதி சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினாள். "பக்கத்து வூட்லயும் வரச் சொன்னாங்கம்மா. அந்த ஒல்லியான பொம்பளதான் ஏறணும்னாங்க" என்றபடி அம்சவள்ளிக்கு இரண்டாவது கரண்டியைச் சாய்த்தாள்.

"போதுங்க" என்று பச்சமுத்து பதறிக் குறுக்கே கை நீட்டினான். "நாளைக்கும் ஓட்டு மேல ஏறணும்."

அம்சவள்ளி அவன் கையைத் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"நீங்க போடுங்கம்மா. எனக்குதான் ஒட்டாதே."